உறுதி என்னும் சொல்லும் இரும்பும்



"உறுதி" என்ற சொல்லை நாம் நாள்தோறும் வழங்குகிறோம். வீடு உறுதியாக இருக்கிறது என்கிறோம்; கயிறு உறுதியானது என்கிறோம்; மனவுறுதி, வாக்குறுதி என்று மனிதர்களின் மீதும் அச்சொல்லை ஏற்றிவிடுகிறோம். பேச்சு வழக்கில் இன்னும் சற்று இறங்கி வந்தால், "நல்ல கெட்டி" என்று சொல்லி முடித்துவிடுகிறோம். கதவும் கெட்டி, தேங்காய் ஓடும் கெட்டி, தயிரும் கெட்டி, படிப்பிலே பையனும் கெட்டி. அன்றாட வாழ்வுக்கு இது போதும். ஆனால் ஒரு பாலத்துக்கோ, ரயில் பாதைக்கோ, பல மாடிக் கட்டடத்துக்கோ வேண்டிய பொருள்களைப் பற்றி எழுதப் புகுவோமானால், இந்த ஒரு சொல்லை மட்டும் வைத்துக்கொண்டு ஓரடிகூட முன்னே செல்ல முடியாது.

மத்திய அரசின் மொழிபெயர்ப்புப் பணியில் இருக்கும் நாம் விஞ்ஞானப் பட்டம் பெற்றவர்கள் அல்லோம். இலக்கியமும் சரித்திரமும் பயின்று வந்தவர்கள். பொறியியல் விவரக்குறிப்பு ஒன்று தமிழாக்கத்துக்காக நம் மேசைக்கு வருகிறது என்று வைத்துக்கொள்வோம். அதில் ஒரே பத்தியில், தமிழில் "உறுதி" என்று எழுதத் தூண்டும் ஐந்து தனித்தனிச் சொற்கள் அடுத்தடுத்து நிற்கும். ஐந்துக்கும் "உறுதி" என்றே எழுதினால் வாக்கியம் இலக்கணப்படி சரியாகவே அமையும், பொருள்தான் பாழாகிவிடும். அவற்றைப் பிரித்தறிய அகராதி அதிகம் உதவாது. சோதனைச்சாலைக்குத்தான் செல்ல வேண்டும். ஏனெனில், பொறியியலில் ஒரு பண்பின் இலக்கணம் என்பது அப்பண்பை அளக்கும் சோதனையே. எப்படி அளக்கிறார்கள் என்று கண்டுவிட்டால், சொல்லின் பொருள் தானே விளங்கிவிடுகிறது. அந்தச் சோதனைகள் சிலவற்றைப் பற்றியே இன்று பேச விரும்புகிறோம்.

முதலாவது, இழுத்துப் பார்ப்பது. இது மிகப் பழைய யோசனை. இத்தாலிய ஓவியர் லியனார்டோ டா வின்சி தம் குறிப்பேட்டிலே இப்படி ஒரு சோதனையை விவரித்திருக்கிறார். கம்பி ஒன்றைத் தொங்கவிட்டு, அதன் கீழ்முனையில் ஒரு கூடையைக் கட்டி, மேலேயுள்ள பெட்டியின் சிறு துளை வழியாகக் கூடைக்குள் மணல் சொரியும்படி செய்ய வேண்டும். கம்பி அறுந்ததும் துளை மூடிக்கொள்ளும். கூடையிலுள்ள மணலை நிறுத்தால், கம்பி எவ்வளவு எடையைத் தாங்கிற்று என்பது தெரிந்துவிடும். இன்றைய சோதனைச்சாலையில் கூடைக்குப் பதிலாக ஆள் உயரத்துக்கு மேற்பட்ட பெரிய யந்திரம் நிற்கிறது. மணலுக்குப் பதிலாக எண்ணெயின் அழுத்தம் இழுக்கிறது. யோசனை என்னவோ அதேதான்.

நடுவில் சற்று மெலிதாகக் கடைந்தெடுத்த எஃகுத் துண்டு ஒன்றை யந்திரத்தின் இரண்டு தாடைகளும் கவ்விக்கொள்கின்றன. துண்டின் மேல் இரண்டு புள்ளிகளைக் குறித்து, அவற்றுக்கு இடையிலுள்ள நீளத்தை முன்கூட்டியே அளந்து வைத்திருப்பார்கள். இழுப்பு ஏற ஏற, தொடக்கத்தில் ஒன்றுமே நடவாதது போலத் தோன்றும். ஆனால் நுட்பமான கருவி, துண்டு மயிரிழைக்கும் குறைவாக நீண்டு வருவதைக் காட்டும். இழுப்பு இரு மடங்கானால் நீட்சியும் இரு மடங்கு. விட்டுவிட்டால் துண்டு பழைய நீளத்துக்கே திரும்பிவிடும். இந்த நேர்த்தியான உறவை ஆங்கில விஞ்ஞானி ராபர்ட் ஹூக் 1678-ஆம் ஆண்டில் வெளியிட்டார். இழுக்கும் விசையைத் துண்டின் குறுக்குப் பரப்பால் வகுத்தால் வருவது தகைவு. நீட்சியை முதல் நீளத்தால் வகுத்தால் வருவது திரிபு. தகைவுக்கும் திரிபுக்கும் உள்ள விகிதமே விறைப்பு. எஃகுக்கு இது சதுர மில்லிமீட்டருக்கு ஏறத்தாழ 2,00,000 நியூட்டன். அலுமினியத்துக்கு அதில் மூன்றில் ஒரு பங்கு. நியூட்டன் என்பதற்கு அஞ்ச வேண்டாம். கையில் தொங்கும் 100 கிராம் எடை நம் விரலை எவ்வளவு இழுக்கிறதோ, ஏறத்தாழ அவ்வளவே ஒரு நியூட்டன்.

இங்கேயே முதல் வியப்பு நமக்குக் காத்திருக்கிறது. சாதாரணக் கட்டட எஃகும், அதைவிட மூன்று மடங்கு வலிமையுள்ள விலையுயர்ந்த எஃகும் விறைப்பில் ஏறத்தாழச் சமம். ஓர் உத்தரம் அதிகமாக வளைகிறதே என்று கவலைப்பட்டு, அதே அளவில் உயர்ந்த தர எஃகை வாங்கிப் போட்டால், அது பழையபடியேதான் வளையும். முறிவதற்கு அதிக எடை தேவைப்படும், அவ்வளவே. வளைவைக் குறைக்க வேண்டுமானால் உத்தரத்தின் உயரத்தைக் கூட்ட வேண்டும். வலிமையும் விறைப்பும் வேறு என்பதை அறியாமல் செலவிடப்படும் பணம் கொஞ்சமன்று.

மீண்டும் யந்திரத்துக்கு வருவோம். இழுப்பு ஓர் எல்லையைத் தாண்டியதும் எஃகின் சுபாவம் மாறிவிடுகிறது. அது இணங்கத் தொடங்குகிறது. இனி விட்டாலும் பழைய நீளத்துக்குத் திரும்பாது. இதை நெகிழ்நிலை என்று சொல்லலாம். சாதாரணக் கட்டட எஃகுக்கு இது சதுர மில்லிமீட்டருக்கு 250 நியூட்டன் அளவில் வருகிறது. அதன் பிறகும் எஃகு உடனே தோற்றுவிடுவதில்லை. நீண்டுகொண்டே, இன்னும் அதிக இழுப்பைத் தாங்கிக்கொண்டே போகிறது. 400-ஐத் தாண்டிய ஒரு கட்டத்தில் உச்சத்தை எட்டுகிறது. பிறகு ஓரிடத்தில் மட்டும் இடுப்புச் சிறுத்தாற்போல மெலிகிறது. சில வினாடிகள் கழித்துப் பெரும் ஓசையுடன் அறுகிறது. அறுந்த முனைகளைப் பார்த்தால், ஒன்று சிறு கிண்ணம் போலவும், மற்றொன்று அக்கிண்ணத்தில் பொருந்தும் கூம்பு போலவும் இருக்கும். இரண்டையும் சேர்த்து வைத்து, முன்பு குறித்த புள்ளிகளின் இடைவெளியை அளப்பார்கள். 100 மில்லிமீட்டர் இருந்தது 123 ஆகியிருந்தால், நீட்சி நூற்றுக்கு 23.

இதே யந்திரத்தில் ஒரு வார்ப்பிரும்புத் துண்டைப் பொருத்தினால் காட்சி வேறு. அதற்கு இணங்கத் தெரியாது, இடுப்பும் சிறுக்காது. எழுதும் சுண்ணக்கட்டி ஒடிவது போலத் திடீரென்று இரண்டாகிவிடும். தாங்கிய எடையை மட்டும் கணக்கிட்டால் அது எஃகுக்கு மிகவும் பிந்தியதாக இல்லாமலும் இருக்கலாம். ஆயினும் ஒரு பாலத்தின் அடியில் நிற்பவனுக்கு இரண்டும் ஒன்றாகா. எஃகு முறியுமுன் வளைந்தும் நீண்டும் எச்சரிக்கை செய்கிறது. ஆட்கள் ஓடிப்போக அவகாசம் கொடுக்கிறது. வார்ப்பிரும்பு அந்த மரியாதையைக் காட்டுவதில்லை. ஆகவே, எவ்வளவு தாங்கும் என்ற கேள்விக்கு அடுத்தபடியாக, எப்படி முறியும் என்ற கேள்வியையும் கேட்டாக வேண்டியிருக்கிறது. நம் கருத்தில் இந்த இரண்டாவது கேள்வியே பெரிது.

வீடு கட்டுகிறவர்கள் கம்பிகளின் மேல் "எஃப்.இ. 500" என்று பொறித்திருப்பதைக் கண்டிருப்பார்கள். எஃப்.இ. என்பது இரும்பின் ரசாயனக் குறியீடு. 500 என்பது சதுர மில்லிமீட்டருக்கு இத்தனை நியூட்டன் என்ற நெகிழ்நிலை அளவு. 12 மில்லிமீட்டர் குறுக்களவுள்ள அத்தகைய கம்பி ஒன்று நெகிழத் தொடங்குவதற்கே 5½ டன்னுக்கு மேற்பட்ட எடையைத் தொங்கவிட வேண்டும். வளர்ந்த ஆண் யானை ஒன்றைச் சுண்டுவிரல் பருமனுள்ள கம்பி தாங்கிவிடும் என்பது சற்று நம்பக் கடினமான செய்திதான். சில கம்பிகளில் 500-க்குப் பின்னால் "டி" என்ற ஓர் எழுத்தும் இருக்கும். வலிமையில் இரண்டும் ஏறக்குறைய ஒன்றே. ஆனால் இந்தியத் தர விதிகளின்படி, டி இல்லாத கம்பி முறியுமுன் நூற்றுக்கு 12 பங்காவது நீள வேண்டும். டி உள்ள கம்பி 16 பங்காவது நீள வேண்டும். நிலநடுக்கத்தில் கட்டடம் ஆடும்போது, அந்த ஆட்டத்தின் சக்தியைக் கம்பி நீண்டு வளைந்து உண்டுவிடவேண்டும்; ஒடிந்துவிடக்கூடாது. அந்த ஓர் எழுத்துக்காகச் சிறிது விலை கூடக் கொடுப்பது வீண் செலவாகாது.

கடினம் என்பது மூன்றாவது பண்பு. தமிழில் இச்சொல்லுக்குச் சிரமம் என்ற பொருள் ஏற்கெனவே இருப்பது மொழிபெயர்ப்பாளனுக்குப் பெருந்தொல்லை; "மிகவும் கடினமான எஃகு" என்று எழுதினால், வேலைக்குச் சிரமமான எஃகு என்று படிப்பவர்கள் உண்டு. பொறியியலில் கடினம் என்பது, மற்றொரு பொருள் தன் மேற்பரப்பில் பள்ளம் பதிப்பதை எதிர்க்கும் ஆற்றல். ஸ்வீடன் நாட்டுப் பொறியாளர் பிரினெல் 1900-ஆம் ஆண்டில் எளிய முறையொன்றை வகுத்தார். 10 மில்லிமீட்டர் விட்டமுள்ள கடின உருண்டையை 3,000 கிலோகிராம் விசையுடன் அழுத்தி, எடுத்துவிட்டு, பதிந்த குழியின் அகலத்தை அளக்க வேண்டும். குழி சிறிதானால் கடினம் அதிகம். தேய்மானத்தை எதிர்க்க இப்பண்பே வேண்டும்.

தில்லியில் குதுப்மினாருக்கு அருகே நிற்கும் இரும்புத் தூணைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்குவது எளிது. குப்தர் காலத்தில் செய்யப்பட்ட அத்தூண் 7 மீட்டருக்கு மேல் உயரமுடையது. எடை 6 டன்னுக்கு மேல். துருப்பிடிக்காத அதன் பெருமையைப் பலரும் பேசுகிறார்கள். நமக்கு அதன் நடுவுக்கு மேலேயுள்ள ஒரு பள்ளத்தின் மீதே அதிக நாட்டம். எப்போதோ வெகு அருகிலிருந்து சுட்ட பீரங்கிக் குண்டு பட்ட இடம் அது என்று கருதப்படுகிறது. நிகழ்த்தியவன் அறியாமலே நடந்த மாபெரும் சோதனை! குண்டு பதிந்தது, ஆகவே அந்த இரும்பு அப்படியொன்றும் கடினமானதன்று. ஆனால் தூண் ஒடிந்து விழவில்லை. அதே அடியை அதே அளவுள்ள வார்ப்பிரும்புத் தூண் பெற்றிருந்தால் நிலைத்து நின்றிருக்குமா என்பது சந்தேகமே. பள்ளம் விழுந்தது குறையென்று தோன்றலாம். அந்தக் குறையே தூணைக் காத்தது.

அடியைத் தாங்கும் இந்தக் குணத்தைத் தாக்குப்பிடிக்கும் தன்மை என்று கொள்வோம். இதை அளக்கும் சோதனையைச் செப்பம் செய்தவர் சார்ப்பி என்ற பிரெஞ்சுக்காரர்; காலம் 1901. விரல் நீளமுள்ள சிறு எஃகுக் கட்டை; 10 மில்லிமீட்டர் சதுரம், 55 மில்லிமீட்டர் நீளம். அதன் நடுவே 2 மில்லிமீட்டர் ஆழத்துக்கு வேண்டுமென்றே ஒரு வெட்டுத் தழும்பு. கனத்த ஊசல் ஒன்று உயரத்திலிருந்து ஆடி வந்து தழும்புக்கு நேர் பின்புறம் மோதி, கட்டையை முறித்துக்கொண்டு, மறுபுறம் ஏறுகிறது. புறப்பட்ட உயரத்துக்கும் ஏறிய உயரத்துக்கும் உள்ள வித்தியாசம், கட்டை எவ்வளவு சக்தியை உண்டது என்பதைக் காட்டும். தழும்பு எதற்காக என்று கேட்கலாம். கீறலே இல்லாத பொருள் உலகில் இல்லை. துணிக்கடைக்காரர் முழத்துணியின் ஓரத்தில் கத்திரியால் சிறு வெட்டு வெட்டிவிட்டு, பிறகு கையாலேயே சர்ரென்று கிழித்துவிடுவதைப் பார்க்கிறோம் அல்லவா? வெட்டு இல்லாவிட்டால் பலசாலியாலும் அப்படிக் கிழிக்க முடியாது. கீறல் இருந்தும் எதிர்த்து நிற்குமா என்பதே சார்ப்பியின் கேள்வி.

இச்சோதனையின் அருமையை உலகம் உணர்ந்தது இரண்டாம் உலகப் போரின்போது. அமெரிக்கர்கள் ஆணி அறைந்து இணைக்கும் பழைய முறையை விட்டு, பற்றவைத்து இணைக்கும் முறையில் ஆயிரக்கணக்கான சரக்குக் கப்பல்களையும் எண்ணெய்க் கப்பல்களையும் வெகுவேகமாகக் கட்டினார்கள். 1943 ஜனவரி 16 அன்று, ஸ்கெனெக்டடி என்ற புத்தம் புதிய எண்ணெய்க் கப்பல், ஆரெகன் மாநிலத்துப் போர்ட்லண்டில், அலையில்லாத துறையில் கட்டப்பட்டு நின்றிருந்தபோதே, பேரோசையுடன் நடுவில் பிளந்தது. புயலில்லை, எதிரியின் குண்டில்லை. குளிர் மட்டும் இருந்தது. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கான்ஸ்டன்ஸ் டிப்பர் என்ற அம்மையார், இத்தகைய முறிவுகளை ஆராய்ந்து காரணத்தைத் தெளிவாக்கினார். வெப்பமான நாளில் நீண்டு வளையும் எஃகு, ஒரு குறிப்பிட்ட குளிருக்குக் கீழே சென்றால் கண்ணாடி போல நொறுங்கும் இயல்பை அடைந்துவிடுகிறது. பழைய கப்பல்களில் ஒரு தகட்டில் எழும் விரிசல் அந்தத் தகட்டின் ஓரத்தோடு நின்றுவிடும். பற்றவைத்த கப்பலிலோ எல்லாத் தகடுகளும் ஒன்றாகிவிட்டபடியால் விரிசலுக்குத் தடையே இல்லை. இழுவைச் சோதனையில் அந்த எஃகு குறையின்றித் தேறியதுதான். குளிரில் அடித்துப் பார்க்க வேண்டும் என்பது அப்போது வழக்கத்தில் இல்லை. இப்போது முக்கியமான கட்டுமானங்களுக்கு, இன்ன வெப்பநிலையில் இத்தனை ஜூல் சக்தியை உண்ண வேண்டும் என்று விவரக்குறிப்பிலேயே எழுதிவிடுகிறார்கள்.

ஐந்தாவது பண்பைப் பற்றிச் சொல்லும்போது ரயிலில் ஏறியாக வேண்டும். 1842 மே 8 அன்று, வெர்செயில்ஸிலிருந்து பாரிசுக்குத் திரும்பிய ரயிலின் எஞ்சினில் ஓர் அச்சு முறிந்தது. வண்டிகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறித் தீப்பற்றின; அக்கால வழக்கப்படி பெட்டிகளின் கதவுகள் வெளியே பூட்டப்பட்டிருந்தன. ஐம்பதுக்கு மேற்பட்டவர்கள் மாண்டார்கள். நல்ல இரும்பால் செய்து, பல காலம் ஓடிய அச்சு ஒரு நாள் ஏன் முறிய வேண்டும் என்ற கேள்வி ஐரோப்பாவை வெகுநாள் வாட்டியது. ஜெர்மன் ரயில்வேப் பொறியாளரான வோலர், 1850-களிலும் 1860-களிலும் பொறுமையோடு செய்த சோதனைகளால் விடை கண்டார். அச்சுத் துண்டுகளை வளைத்தபடியே லட்சக்கணக்கான தடவை சுழலவிட்டுப் பார்த்தார். ஒரே தடவை ஏற்றினால் தீங்கு செய்யாத பாரம், திரும்பத் திரும்ப ஏற்றினால் முறித்துவிடும் என்றும், ஆனால் தகைவு ஓர் அளவுக்குக் கீழே இருந்தால் எத்தனை தடவை சுழன்றாலும் அவ்விரும்பு முறிவதில்லை என்றும் கண்டார். கம்பியைக் கையால் முறிக்க முடியாதபோது முன்னும் பின்னும் பல தடவை மடக்கி ஒடிக்கிறோமே, அதன் நுட்பமான வடிவம் இது.

இதற்கு அயர்வு என்று பெயரிட்டிருக்கிறார்கள். அழகான சொல்தான், ஆனாலும் நமக்கு இதில் முழுத் திருப்தியில்லை. அயர்ந்த மனிதன் ஓர் இரவு உறங்கினால் மறுநாள் தெளிந்துவிடுகிறான். அயர்ந்த எஃகை ஆண்டுக்கணக்கில் ஓய்வாக வைத்திருந்தாலும் அதில் பிறந்த நுண்ணிய விரிசல் ஆறுவதில்லை. மறுபடி வேலைக்கு வந்த நாளில், விட்ட இடத்திலிருந்து தொடர்கிறது. காமெட் என்ற ஜெட் விமானங்கள் 1954-இல் நடுவானில் சிதறியதும் இவ்வகையில்தான். ஒரு காமெட்டின் உடலை இங்கிலாந்தில் பெரிய தண்ணீர்த் தொட்டியில் வைத்து, பறப்பதும் இறங்குவதும் போல அழுத்தத்தை ஏற்றி இறக்கினார்கள். அதன் பழைய பயணங்களையும் சேர்த்து 3,057-ஆம் தடவையில் அது கிழிந்தது.

இவ்வளவு சோதனைகளையும் சொன்ன பிறகு ஒரு சங்கடத்தையும் சொல்ல வேண்டும். இழுவைச் சோதனையில் தேறிய துண்டு இரண்டாக அறுந்து கிடக்கிறது; அதைக் கொண்டு பாலம் கட்ட முடியாது. பாலத்தில் இருக்கும் துண்டோ சோதிக்கப்படவே இல்லை. ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பதே பொறியாளரும் பின்பற்றும் நியாயம். லண்டனில் டேவிட் கிர்க்கால்டி என்பவர் 1874-இல் திறந்த சோதனைச்சாலையின் வாயிலில், "கருத்துகள் வேண்டா, உண்மைகளே வேண்டும்" என்ற கருத்துப்படப் பொறித்து வைத்தார். 1879-இல் ஸ்காட்லாந்தின் டே பாலம் ரயிலோடு நதியில் விழுந்தபோது, அதன் இரும்புத் துண்டுகள் அங்கேதான் சோதிக்கப்பட்டன. நம் நாட்டில் 1912-இல் கல்கத்தாவின் அலிப்பூரில் அரசுச் சோதனைச்சாலை ஏற்பட்டது. இன்றைய தேசியச் சோதனைச்சாலை அதுவே.

அதே 1912-இல்தான், இன்று ஜம்ஷெட்பூர் என்று வழங்கும் சாக்சியில் டாட்டா ஆலையின் முதல் எஃகு உருவாயிற்று. இந்தியர்கள் பிரிட்டிஷ் விவரக்குறிப்புக்கு ஏற்பத் தண்டவாளம் செய்துவிட்டால், செய்த ஒவ்வொரு பவுண்டையும் நான் தின்றுவிடுகிறேன் என்று, ரயில்வேத் தலைமை அதிகாரியாயிருந்த சர் பிரடெரிக் அப்காட் சொன்னதாக ஒரு கதை வழங்குகிறது. முதல் உலகப் போரில் மெசபொடேமியாவுக்குச் சென்ற ஏறத்தாழ 1,500 மைல் நீளத் தண்டவாளங்கள் அந்த ஆலையில் செய்யப்பட்டவை. அத்தனையையும் உண்டிருந்தால் அவருக்குச் சற்று அஜீரணம் ஏற்பட்டிருக்கும் என்று தொரப்ஜி டாட்டா பிற்பாடு வேடிக்கையாகச் சொன்னாராம். ஏளனத்துக்குப் பதில் சொன்னது மேடைப் பேச்சன்று, சோதனைச்சாலையின் அளவுகள் என்பதால் இக்கதை நமக்குப் பிடித்தமானது.

தண்டவாளம் நாம் இதுவரை கண்ட எல்லாப் பண்புகளையும் ஒருங்கே வேண்டி நிற்கும் பொருள். சக்கரங்கள் தேய்க்காதிருக்கக் கடினம் வேண்டும்; கடினத்தைக் கூட்டக் கரியைக் கூட்டினால் நொறுங்கும் குணமும் கூடவே வரும். இந்திய ரயில்வேயில் பல ஆண்டுகள் வழங்கிய தண்டவாளத் தரத்துக்கு 880 என்று பெயர். அது சதுர மில்லிமீட்டருக்கு அது தாங்க வேண்டிய குறைந்தபட்ச இழுப்பு. பின்னர் வந்த தரத்துக்கு ஆர் 260 என்று பெயர். அது பிரினெலின் அளவுப்படி இருக்க வேண்டிய கடினம். முன்னது இழுவை யந்திரத்திலும் பின்னது உருண்டைக் குழியிலும் தம் பெயரைப் பெற்றன. முறியுமுன் நீள வேண்டியதோ 880 தரத்துக்கு நூற்றுக்கு 10 தான். கட்டட எஃகில் பாதிகூட இல்லை. எனவே தண்டவாளம் இணங்கி எச்சரிக்கும் என்று காத்திருப்பதற்கில்லை.

பானைச் சோற்று நியாயம் இங்கே ஓரளவு தவறிப்போகிறது. உருகிய எஃகில் கலந்துவிட்ட ஹைட்ரஜன் வாயு, எஃகு ஆறி இறுகும்போது வெளியேற வழியின்றி உள்ளுக்குள்ளேயே மயிரிழை விரிசல்களை உண்டாக்கிவிடக்கூடும். பத்து லட்சத்தில் சில பங்கு வாயுவே இதற்குப் போதும். ஆகையால் இப்போது உருகிய எஃகை வெற்றிடத்தில் வைத்து வாயுவை உறிஞ்சி எடுக்கிறார்கள். இத்தகைய விரிசல் தண்டவாளத்தின் தலைப்பகுதிக்குள் ஓரிடத்தில் மட்டும் இருக்கும். ஒரு கஜம் தள்ளி வெட்டியெடுத்த துண்டு எல்லாச் சோதனையிலும் தேறிவிடும். பிறகு ஒவ்வொரு சக்கரமும் கடக்கும்போது விரிசல் சிறிது வளர்கிறது. இது வோலர் கண்ட அயர்வேதான். 1911-இல் அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் மான்செஸ்டர் என்ற ஊரருகே 29 பேர் மாண்ட விபத்துக்குப் பிறகுதான், வெளியே தெரியாத இந்த உள்விரிசலின் தன்மை ஆராய்ச்சியாளருக்குப் புலனாயிற்று. நம் நாட்டிலும், 1998 நவம்பர் 26 அன்று விடியுமுன், பஞ்சாபில் கன்னா அருகே முறிந்த தண்டவாளத்தால் ஒரு ரயில் தடம் புரண்டது. அதன் மீது எதிரே வந்த மற்றொரு ரயில் மோதி 200-க்கு மேற்பட்டோர் உயிரிழந்தனர்.

பானை வாங்கப் போகும் பெண்கள் அதைத் தட்டி ஓசை கேட்டு வாங்குவார்கள். விரிசலுள்ள பானை மழுங்கிய குரலில் காட்டிக்கொடுத்துவிடும். ரயில் நிலையங்களில் நீண்ட பிடியுள்ள சுத்தியலால் சக்கரங்களைத் தட்டிக்கொண்டே போன ஊழியர்களும் அதே சாத்திரத்தைத்தான் கையாண்டார்கள். பொருளை முறிக்காமலே சோதிக்கும் முறைகளுக்கு இதுவே பாட்டனார். இன்று தண்டவாளத்துக்கு நம் காதுக்கு எட்டாத ஒலியைப் பயன்படுத்துகிறார்கள். வினாடிக்கு 20 லட்சம் முதல் 40 லட்சம் அதிர்வுகள் கொண்டது. தண்டவாளத்தின் மேல் உருளும் சிறு தள்ளுவண்டியொன்றிலிருந்து, நீர்ப்படலத்தின் வழியே, இவ்வொலி எஃகுக்குள் பாய்கிறது. காற்றில் செல்வதைப்போல் 17 மடங்கு வேகத்தில், வினாடிக்கு ஏறத்தாழ 5,900 மீட்டர் சென்று, அடிப்பாகத்தில் மோதித் திரும்புகிறது. திரும்ப வேண்டிய எதிரொலி வராவிட்டாலோ, உரிய நேரத்துக்கு முன்பே ஒன்று வந்துவிட்டாலோ, நடுவில் ஏதோ இருக்கிறது என்று பொருள். தலைப்பகுதியில் குறுக்காக நிற்கும் விரிசல் நேராகச் செல்லும் ஒலிக்கு அகப்படாது. கத்தியின் கூர்முனையை மேலிருந்து பார்ப்பது போல, அது மெல்லிய கோடாகத்தான் நிற்கும். அதற்காக ஒலியை 70 பாகை சாய்த்தும் அனுப்புகிறார்கள். இக்கருவியைத் தள்ளிக்கொண்டு, திரையில் தோன்றும் சிறு துடிப்புகளைக் கண் அகலாமல் நோக்கியபடி, வெயிலில் மைல் கணக்காக நடக்கும் ஊழியர்களின் கவனத்தில்தான் பல்லாயிரம் பயணிகளின் உறக்கம் அடங்கியிருக்கிறது.

வட இந்தியாவில் குளிர்காலம் வந்ததும் இவர்களுடைய கவலை அதிகமாகிறது. முன்பெல்லாம் தண்டவாளங்களுக்கு இடையே இடைவெளி விட்டிருந்தார்கள். இப்போது அவற்றை நீளமாகப் பற்றவைத்துவிடுகிறார்கள். பாதையைப் பதித்தபோது இருந்த வெப்பத்தைவிட 30 பாகை குறைந்துவிட்டால், சுருங்க இடமில்லாத தண்டவாளத்தில் சதுர மில்லிமீட்டருக்கு ஏறத்தாழ 70 நியூட்டன் இழுப்பு உண்டாகிறது. மீட்டருக்கு 60 கிலோகிராம் எடையுள்ள தண்டவாளத்துக்கு இது 50 டன்னுக்கு மேற்பட்ட இழுவை. ரயில் வருமுன்பே, யாரும் இழுக்காமலே, சோதனை யந்திரத்தின் தாடைகளுக்கு நடுவில் இருப்பது போன்ற நிலை. நல்ல தண்டவாளத்துக்கு இது பொருட்டன்று. உள்ளே விரிசல் வளர்ந்து நிற்கும் தண்டவாளத்துக்கு இதுவே போதும். அதனால்தான் மார்கழி, தை மாதத்துப் பின்னிரவுகளில், பனிமூட்டத்தினூடே கைவிளக்கும் சிவப்புக் கொடியும், ரயிலை எச்சரிக்கும் வெடிகளும் ஏந்திய காவலர்கள் பாதையோரம் நடந்து செல்கிறார்கள். முறிவைக் கண்டால் முதலில் வரும் வண்டியை நிறுத்துவார்கள். முறிந்த இடத்தின் இருபுறமும் இணைப்புத் தகடுகளை வைத்துப் பிடிகளால் இறுக்குவார்கள். பிறகு வண்டியை அடிமேல் அடி வைத்தாற்போல் அவ்விடத்தைக் கடக்க விடுவார்கள். பகலில் முறிந்த பகுதியை வெட்டியெடுத்துப் புதியதைப் பற்றவைப்பார்கள். வெட்டியெடுத்த துண்டைக் காயலான் கடைக்கு அனுப்பிவிடுவதில்லை. முறிந்த முகத்தில் விரிசல் எங்கே பிறந்தது, எவ்வளவு காலம் வளர்ந்தது என்பதை அதன் கறுத்த பழைய பகுதியும் பளபளக்கும் புதிய பகுதியும் காட்டும் என்பதால், அதற்குச் சீட்டுக் கட்டிச் சோதனைச்சாலைக்கு அனுப்பிவைக்கிறார்கள்.